நான்காவது சத்தம்

மார்ச் 4, சனி

என் சலூனில் இன்று ஏழு தலை. ஐந்து பேர் காவல் குழுவைப் பற்றியே பேசினார்கள். மற்ற இரண்டு பேரும் டிரையருக்குள் தலையைக் கொடுத்திருந்ததால் பேசவில்லை.

போன மாதம் எங்கோ ஓர் ஊரில் ஆராதனை நடுவே ஒருவன் புகுந்து சுட்டான். அதிலிருந்து எங்கள் சபைக்கும் நிம்மதி இல்லை. எங்கள் ஊர் டிரை ஃபோர்க்கில் மொத்தமே தொள்ளாயிரம் பேர். ஷெரிஃப் ஆபீஸிலிருந்து போலீஸ் வண்டி வந்து சேர இருபது நிமிடம் ஆகும். “அந்த இருபது நிமிஷம் என்ன பண்றது? சங்கீதம் பாடிட்டு உக்காந்திருக்கறதா?” என்று ராய்ஸ் சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டான். முப்பத்தெட்டு வருடமாக வீட்டில் என்னிடம் தோற்கிற என் புருஷன், ஊரார் முன்னால் கேட்ட முதல் கேள்விக்கே கைத்தட்டல் வாங்கிவிட்டான்.

ஆக, பன்னிரண்டு பேர் கொண்ட குழு. துப்பாக்கியோடுதான் ஜெபம். பன்னிரண்டில் நான் ஒருத்திதான் பெண். பாஸ்டர் கீத் தயங்கினார். ராய்ஸ், “எங்க குழுவுலயே குறி தப்பாத கை இவ கைதான்” என்றான். அது உண்மை. அறுபத்தொரு வயதிலும் நூறடி தூரத்து சோடா டப்பாவை அடிப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.

மார்ச் 18, சனி

பயிற்சி நாள். துணை ஷெரிஃப் அர்ச்சுலெட்டா ஒரு பெட்டி நிறைய சோப்புக் குண்டுத் துப்பாக்கிகளோடு வந்தார். பட்டால் நீலக் கறை ஒட்டும், கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். ஆராதனைக் கூடத்தில் எங்களை உட்காரவைத்து, தன் ஆட்களை வேடம் போட வைத்தார்.

முதல் சுற்று: பின்கதவு வழியாக ஒருவன் சுட்டுக்கொண்டே வந்தான். நாலு விநாடி. நான் எழுந்து அவன் நெஞ்சில் நீலம் பூசிவிட்டேன். கைத்தட்டல். ராய்ஸ் விசிலடித்தான், தேவாலயம் என்றும் பார்க்காமல்.

இரண்டாம் சுற்று: கூடத்துக்குள் இரண்டு பேர் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். தாடிக்காரனை வீழ்த்தினேன்.

“நீங்க சுட்டது லீவுல இருக்கற போலீஸ்காரர, மேடம்,” என்றார் அர்ச்சுலெட்டா. “உங்களக் காப்பாத்த வந்தவரு.”

“தாடி வெச்சிருந்தாரே!”

“தாடி வெச்சா குத்தமா?”

மூன்றாம் சுற்று: சரியான ஆளைச் சுட்டேன். வெற்றியோடு துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி நின்றேன். முன்கதவைத் திறந்து வந்த போலீஸ் ஆள் நேரே என்னைச் சுட்டுவிட்டார். புது மேல்சட்டையில் மூன்று நீல வட்டம்.

இதற்கிடையில் எங்கள் குழுவின் வில்பர்ன் ஓட்ஸ் பியானோவைச் சுட்டிருந்தார். எழுபத்தொன்பது வயது, காது சுத்தமாகக் கேட்காது. “அது அசைஞ்சுது” என்றார்.

முடிவில் அர்ச்சுலெட்டா சிரிக்காமல் ஒன்று சொன்னார்: “சில நேரம் நீங்க நாலு விநாடில முடிச்சிடுவீங்க, எங்களுக்கு வேலையே இருக்காது. அது நெசமா நடந்திருக்கு. ஆனா நான் கதவத் தொறக்கறப்ப எனக்குத் தெரியறது ஒரு துப்பாக்கியும் ஒரு கையும்தான். அது நல்ல கையா கெட்ட கையான்னு எழுதி ஒட்டியிருக்காது.”

திரும்பும்போது வண்டியில் ராய்ஸ், “மொத சுத்துல ஜெயிச்சியே, அத நெனச்சுக்கோ” என்றான். அதைத்தான் நினைத்துக்கொண்டேன். மூன்றில் ஒன்று என்று எண்ணவில்லை.

ஏப்ரல் 22, சனி

குழுவுக்குச் சட்டை வந்திருக்கிறது. பன்னிரண்டும் ஆண்கள் அளவு. என்னுடையதில் நானும் ராய்ஸும் சேர்ந்து நுழையலாம்.

ஜூன் 10, சனி

சில்லிக் குழம்புச் சமையல் போட்டி நல்லபடியாக நடந்தது. நாங்கள் கறியும் மிளகாயும் மட்டும்தான் போடுவோம். நல்ல கூட்டம். பீன்ஸும் போடுகிற மெத்தடிஸ்டு சபைக்காரர்கள் மூடி திறக்காமல் பீன்ஸ் டப்பாக்களைக் கரியடுப்பில் வைத்து, அவை வெடித்து, ஒரே கலவரம், பிறகு ஒரே சிரிப்பு. இமோஜீன் ராட்கேவுக்குத்தான் மறுபடியும் முதல் பரிசு. களைப்பு. தூங்கப் போகிறேன்.

ஜூன் 11, ஞாயிறு

நேற்று எழுதியது முழு உண்மை இல்லை. என் நோட்டிலேயே நான் பொய் எழுதியிருக்கிறேன். யாருக்காக? இதை யார் படிக்கப்போகிறார்கள்?

நடந்ததை எழுதுகிறேன்.

மதியம் ஒன்றரை மணி. தேவாலயத்துக்குப் பின்னால் திடலில் முந்நூறு பேர் இருக்கும். நான் எங்கள் அடுப்பருகே சோள ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். துப்பாக்கி ஏப்ரனுக்குள் இடுப்பில். டமார். டமார். டமார். மூன்று. யாரோ “சுடறாங்க!” என்று அலறினார்கள். அவ்வளவுதான், திடல் பிய்த்துக்கொண்டு ஓடியது. மேசைகள் கவிழ்ந்தன. ராய்ஸ் துப்பாக்கியை எடுத்துவிட்டான், வில்பர்ன் எடுத்துவிட்டார், பெட்ரோல் பங்க்காரர் எடுத்துவிட்டார். யார் எதைப் பார்த்து நீட்டுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவன், கையில் துப்பாக்கியோடு, குழந்தைகளுக்கு முகத்தில் வர்ணம் பூசுகிற கூடாரத்தைப் பார்த்து ஓடினான். எனக்கு முகம் தெரியாதவன். குறி பார்த்தேன். சுட்டேன்.

யாரும் என்னைத் தட்டவில்லை. கை வழுக்கவில்லை. நான்தான் அழுத்தினேன்.

குண்டு அவன் தலையோரம் போயிற்று. அவன் குனிந்து, கூடாரத்துக்குள் பாய்ந்து, ஒரு சின்னப் பெண்ணை இழுத்து அவள்மேல் கவிழ்ந்துகொண்டான். அப்பா. பெண்ணுக்கு அப்பா. புதிதாக வந்திருக்கும் கால்நடை மருத்துவர் டாலிவர் என்று பிறகுதான் சொன்னார்கள். ஊருக்கு வந்து இரண்டு மாதம்.

அதே நேரம் மெத்தடிஸ்டு அடுப்பிலிருந்து ஒருவர் கத்தினார்: “பீன்ஸுங்க! பீன்ஸ் டப்பா வெடிச்சுது! நாலு டப்பா!”

முந்நூறு பேரும் ஒரு நொடி அப்படியே நின்றார்கள். பிறகு சிரிப்பு கிளம்பியது. உயிர் திரும்பி வந்த சிரிப்பு. ராய்ஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தான். “சில்லில பீன்ஸ் போடறவன் எதுக்கும் துணிஞ்சவன்னு நான் எப்பவோ சொன்னேன்!”

டப்பா மூன்றுதான். நாலாவது சத்தம் நான். காலடியில் கிடந்த தோட்டாக் கூட்டை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தேன். கடவுளே, சிரிச்சேனே!

இன்று காலை ஆராதனை முடிந்ததும் இமோஜீன் தன் பெரிய சில்லிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கழுவும்போது பார்த்தாளாம். விளிம்பை ஒட்டி இந்தப் பக்கம் ஓட்டை, அந்தப் பக்கமும் ஓட்டை. எல்லோரும் திடலுக்குப் போய்த் தேடினார்கள். குண்டு ஒரு பெஞ்சுப் பலகையில் புதைந்திருந்தது. நான் சுட்டதற்குப் பத்து நிமிடம் முன்புவரை ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த பெஞ்சு.

யார், யார் என்று கேள்வி. எல்லோரும் தங்கள் துப்பாக்கியைப் பார்த்து எண்ணினார்கள். என்னுடையது வீட்டில் என்றேன். வில்பர்னின் பழைய ரிவால்வரில் ஒரு தோட்டா அறை காலி. சத்தமே கேட்காத மனுஷன், சுட்டதுகூடத் தெரியாது என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அவரே, “நானாத்தான் இருக்கும். பியானோவையே சுட்டவன்தானே” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கைதவறி வெடித்துவிடாமல் இருக்க அவர் எப்போதும் ஒரு அறையைக் காலியாக விடுவார். எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 12, திங்கள்

‘தலைவலி, சலூன் இன்று இல்லை’ என்று பலகை மாட்டினேன். தலைவலி இல்லை.

ஜூன் 13, செவ்வாய்

காலையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த ராய்ஸிடம் சொன்னேன்.

“நான்தான் சுட்டேன்.”

“எத?”

“இமோஜீன் சட்டிய. சட்டிய இல்ல, டாக்டர் டாலிவர. சட்டில பட்டுது.”

முட்டை கருகியது. ராய்ஸ் அடுப்பை அணைக்க மறந்து நின்றான். பிறகு, “வில்பர்ன்னு எல்லாரும் நம்பிட்டாங்களே” என்றான். சொன்ன உடனேயே அவன் முகம் சிவந்துவிட்டது. “இல்ல, நான் அப்படிச் சொல்ல வரல.”

“நீ சொல்ல வந்தத நான் ரெண்டு நாளா செஞ்சிட்டிருக்கேன், ராய்ஸ்.”

வில்பர்ன் வீட்டுக்குப் போனோம். மேசைமேல் ரிவால்வர், பக்கத்தில் ஷெரிஃபுக்கு எழுதிய கடிதம், பாதி. தோட்டாக் கூட்டை அவர் முன்னால் வைத்து, காதருகே கத்திச் சொன்னேன். மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இந்நேரம் அந்தத் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

புரிந்ததும் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். “அப்ப நான் இல்லையா, சிஸ்டர் லவோன்? நெசமாவா? ரெண்டு ராத்திரியா அந்தப் பெஞ்சுதான் கண்ணுல நிக்குது.” பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

அங்கிருந்து அர்ச்சுலெட்டாவிடம். துப்பாக்கியை ஒப்படைத்தேன். அவர், “குண்டோட அளவப் பாத்ததுமே ரிவால்வர் இல்லன்னு தெரிஞ்சுது. நாளைக்கு ஒவ்வொரு வீடா வர்றதா இருந்தேன். நீங்களா வந்துட்டீங்க” என்றார். வழக்கு உண்டு. சரி.

ஜூன் 14, புதன்

டாலிவரின் மருத்துவமனை. வெளியே ஒரு ஆடு கட்டியிருந்தது. உள்ளே அவர் ஒரு பூனைக்குக் காது பார்த்துக்கொண்டிருந்தார். பூனை போகும்வரை காத்திருந்தேன். சலூன் நடத்துகிறவளுக்கு வாய் வறண்டுபோவது புது அனுபவம்.

“டாக்டர், சனிக்கிழமை உங்களச் சுட்டது நான்தான்.”

அவர் கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாக.

“தெரியும்.”

“தெரியுமா?”

“காதோரமா போனது பீன்ஸ் டப்பா இல்லன்னு தெரியாதா எனக்கு? யார்னுதான் தெரியாது. யாராவது வந்து சொல்வாங்களான்னு நாலு நாளா பாத்துட்டிருந்தேன்.”

மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று ஞாபகமில்லை. அவர் நேராகப் பார்த்துக் கேட்டார்: “அங்க அஞ்சாறு பேரு கையில துப்பாக்கி இருந்துது, மேடம். எல்லாரும் ஓடினாங்க, கத்தினாங்க. ஏன் நான்?”

முகம் தெரியாததால் என்று சொல்ல வாயெடுத்தேன். பெட்ரோல் பங்க்காரரின் மச்சானும் அன்று துப்பாக்கியோடு நின்றான், டல்லஸிலிருந்து வந்தவன், அவனையும் நான் பார்த்ததே இல்லை. அவன் வெள்ளைக்காரன். டாலிவர் கறுப்பர். என் குறி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“தெரியலைன்னு சொன்னா பொய்,” என்றேன். “உங்க நெறத்தப் பாத்துதான் தப்பா முடிவு பண்ணிருக்கேன். இந்த நாலு நாள்ல அதத்தான் நான் கண்டுபிடிச்சேன்.”

அவர் கையுறையைக் குப்பைக் கூடையில் போட்டார். வெளியே ஆடு கத்தியது. பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்:

“நானும் உங்களக் குறி பாத்தேன். கூடாரத்துக்கு ஓடறப்ப, ஒரு அம்மா துப்பாக்கிய நீட்டிட்டு நிக்கறாங்க. நீங்கதான் சுடறீங்கன்னே நெனச்சேன். என் வெரல் விசைக்குள்ள போயிடுச்சு. அப்பதான் உங்க ஏப்ரன் கண்ணுல பட்டுது. ‘சமையல்காரிக்கு முத்தம் குடு’ன்னு எழுதியிருந்துது. இத மாட்டிட்டு யாரும் கொல பண்ண வர மாட்டாங்கன்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க சுட்டுட்டீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“நயாவுக்கு ஆறு வயசு,” என்றார். “அவளுக்காகத்தான் துப்பாக்கி வாங்கினேன். என்னயும் சேத்து ரெண்டு பேரு அவளக் காப்பாத்த வந்தோம். டப்பாவால ஒருத்தருக்கும் ஆபத்தில்ல.”

கை நீட்டினேன். அவர் கை கொடுக்கவில்லை. “இன்னிக்கு முடியாது, மேடம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஜூன் 18, ஞாயிறு

சபை முன்னால் எழுந்து சொன்னேன். முதலில் எழுந்தவள் இமோஜீன்.

“லவோன், கேக்கறதுக்குப் பதில் சொல்லு. என் சட்டில குண்டு பூந்ததுக்கு அப்பறமாத்தான் நடுவருங்க ருசி பாத்தாங்களா?”

“ஆமா.”

“அப்பவும் மொதப் பரிசு எனக்குத்தானா?”

“உனக்குத்தான்.”

“அப்ப சரி,” என்று உட்கார்ந்துவிட்டாள். கூடமே குலுங்கிச் சிரித்தது. மன்னிப்பு என்று நினைக்கிறேன், இமோஜீன் பாணியில்.

பிறகு நிஜமான வாக்குவாதம். ஒன்றரை மணி நேரம். பெட்ரோல் பங்க்காரர், “ஒரு பொம்பள பதட்டப்பட்டதுக்காக எல்லாரும் கைய கட்டிட்டு சாகணுமா?” என்றார். “பதட்டப்பட்டது ஒருத்திதான். துப்பாக்கிய எடுத்தது எத்தன பேரு?” என்றார் பாஸ்டர். ஞாயிறு பள்ளி டீச்சர் எழுந்து, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த குழந்தைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒன்பது பெயர். ஆனாலும் இரண்டு குடும்பம் கோபித்துக்கொண்டு போய்விட்டது, ஒன்று அந்தப் பக்கத்துக்காக, ஒன்று இந்தப் பக்கத்துக்காக.

ஜூலை 11, செவ்வாய்

நீதிபதி ஒரு வருடம் என் துப்பாக்கி உரிமத்தை நிறுத்திவைத்தார். அறுபது மணி நேரம் சமூகப் பணி. முதியோர் இல்லத்தில் முடி வெட்டுகிறேன். இன்று ஒரு தாத்தா, “சுட்டுட்டு வந்தவங்கதான நீங்க? காத மட்டும் விட்டுடுங்க” என்றார். விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பாஸ்டரும் அர்ச்சுலெட்டாவும் உட்கார்ந்து புது ஏற்பாடு செய்திருக்கிறார்கள். துப்பாக்கி இரண்டே பேரிடம்தான். இருவருக்கும் மஞ்சள் பட்டை, போலீஸுக்கு முன்கூட்டியே பெயர் கொடுக்கப்படும், மாதம் இருமுறை பயிற்சி. மற்ற எல்லோருக்கும் வேறு வேலை: கதவைப் பூட்டுவது, குழந்தைகளை வெளியேற்றுவது, ரத்தம் நிறுத்தக் கட்டுப்போடுவது.

அந்த இருவரில் ஒருவன் ராய்ஸ். மேசையில் நாங்கள் இன்னும் சண்டை போடுகிறோம்.

“நெசமா ஒருத்தன் வந்தா, லவோன்? அப்பவும் கதவப் பூட்டிட்டிருப்பியா?”

“நீ இருக்கேல்ல சுடறதுக்கு?”

“அப்ப துப்பாக்கி வேணும்னு ஒத்துக்கற!”

“வேணாம்னு சொல்லல. வேணும்னும் சொல்லல. என் கை வேணாம்னு சொல்றேன்.”

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே யோசித்தான். “பன்னெண்டு பேருல நல்லா குறி பாக்கறது நீதான்டி,” என்றான் வருத்தமாக.

அதுதானே பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 16, சனி

சபை முழுவதற்குமான இரண்டாவது பயிற்சி. மறுபடியும் சோப்புக் குண்டு, ஆனால் இந்தத் தடவை சுட வருகிறவராக நடிக்க அர்ச்சுலெட்டா கூட்டிவந்தது யாரை? டாக்டர் டாலிவரை! அவரே கேட்டு வந்தாராம். “என்னய இன்னொரு தடவ சுடணும்னா முறையா சுடுங்க” என்று மைக்கில் சொன்னார். ராய்ஸுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தோம், டாலிவர் உட்பட.

எனக்கு ஞாயிறு பள்ளி அறை. பதினேழு குழந்தைகள், நயாவும் ஒருத்தி. விசில் கேட்டதும் கதவைப் பூட்டி, மேசையை முட்டுக்கொடுத்து, எல்லோரையும் அங்கிகள் தொங்கும் அறைக்குள் தள்ளினேன். முப்பத்தாறு விநாடி. வெளியே டப் டப் என்று சத்தம். ஒரு பயல் சிரிப்பை அடக்க முடியாமல் பாஸ்டரின் அங்கியைக் கடித்துக்கொண்டிருந்தான். நயா என் விரலைப் பிடித்துக்கொண்டு காதில் கேட்டாள்: “வெளிய எங்கப்பாதான, ஆன்ட்டி? அப்பறம் ஏன் ஒளியறோம்?”

“நல்லா ஒளியறோமான்னு பாக்கறாரு.”

“அவருக்கு ஒளிஞ்சு வெளையாடவே வராது,” என்றாள்.

கதவுப் பிடி இரண்டு தடவை அசைந்தது. பதினேழு பேரும் மூச்சு விடவில்லை. காலடி நகர்ந்து போயிற்று.

கடைசியில் கணக்கு: குழந்தைகள் யார்மேலும் நீலம் இல்லை. ராய்ஸ் டாலிவரை வீழ்த்தினான், ஒன்பதாவது விநாடியில். ஆனால் அதற்குமுன் பாஸ்டரையும் வீழ்த்தியிருந்தான். வெள்ளைச் சட்டையில் நீலம் சொட்ட, பாஸ்டர் துண்டு தேடிப் போனார். மஞ்சள் பட்டையைக் கழற்றுவதா வேண்டாமா என்று ராய்ஸ் வண்டியில் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான். நான் சொல்லிக்காட்டவில்லை, அது எனக்கே ஆச்சரியம்.

கிளம்பும்போது டாலிவர் நயாவைக் கூட்டிப்போக வந்தார். நெற்றியில் சோப்பு. துண்டு கொடுத்தேன். துடைத்துக்கொண்டே, “முடி வெட்ட நாப்பது மைல் போயிட்டிருக்கேன்” என்றார். “எங்க ஆளுங்க சுருட்ட முடி வெட்டத் தெரியுமா உங்களுக்கு?”

“பட்டாள முகாம் வாசல்ல தொழில் கத்துக்கிட்டவ நான். ஆறு வருஷம் எல்லா நெறத்துச் சிப்பாய்ங்க தலையும்தான்.”

யோசித்தார். “திங்கக்கெழம எடம் இருக்கா?”

“பத்து மணிக்கு.”

தலையாட்டிவிட்டு மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். பத்து மணி, டாலிவர் என்று சலூன் நோட்டில் எழுதிவிட்டேன். கழுத்துப் பக்கம் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்க மறந்துபோயிற்று.